பஞ்சு மாதிரி பாவாடை... பின்னால ஒரு நெருப்புக் கதை! பாலே 'டூட்டூ' ஃபேஷன் ஆனது எப்படி?

இடுப்பைச் சுற்றி வெள்ளைத் தட்டு போல விரிந்து நிற்கும் குட்டிப் பாவாடை. அதற்குக் கீழே நீளமான கால்கள். விரல் நுனியில் நிற்கும் பாதம். நீங்கள் பாலே நடனத்தை நேரில் பார்க்காதவராக இருக்கலாம். ஆனால், இந்த உருவத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். மூடியைத் திறந்தால் சுற்றும் மியூசிக் பாக்ஸ் பொம்மையில் தொடங்கி, இன்ஸ்டா ரீல்ஸில் வரும் 'பாலேகோர்' டிரெண்ட் வரை எல்லா இடத்திலும் இருக்கிறாள் அந்தப் பெண்.

அந்தப் பாவாடையின் பெயர்தான் டூட்டூ. 'அட, குழந்தைகள் போடுற ஃபிராக் மாதிரி இருக்கே'ன்னு சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாவாடையை ஒவ்வொரு அங்குலமாகக் குறைக்க, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் சண்டை போட்டிருக்கிறாள். சிலர் இதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடையில் நெட் ஸ்கர்ட்டைக் கையில் எடுக்கும்போது உங்கள் பார்வையே கொஞ்சம் மாறும்.

கால் தெரியக் கூடாது... ஆனால் ஆடணும்!

பாலே, ராஜாக்களின் அரண்மனையில் வளர்ந்த கலை. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியே நல்ல டான்ஸர். 1661-ல் பாரிஸில் நடனத்துக்கென்றே ஓர் அகாடமியைத் தொடங்கியவர் அவர்தான். ஆரம்பத்தில் தொழில்முறை மேடையில் ஆண்கள்தான் ஆடினார்கள். பெண் வேடமும் அவர்களே. 1681-ல்தான் பாரிஸ் ஓபரா மேடையில் பெண்கள் ஆடத் தொடங்கினார்கள்.

சரி, ஆட வந்தாச்சு. எதைப் போட்டுக்கொண்டு ஆடுவது? அரண்மனைப் பெண்கள் என்ன உடுத்தினார்களோ, அதேதான். தரையைத் தொடும் கனமான பட்டு கவுன், இடுப்பை இறுக்கும் கார்செட், பாவாடையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கும் கூண்டு, ஹீல்ஸ் வைத்த ஷூ. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு குதிக்கச் சொன்னால் யாரால் குதிக்க முடியும்? ஆண்கள் காற்றில் பறந்துகொண்டிருந்தபோது, பெண்கள் நாசூக்காக நடை பழகிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரையறையை முதலில் உடைத்தவர் மரீ கமார்கோ. ஆண்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்த வேகமான தாவல்களை அவர் கற்றுக்கொண்டார். ஆனால், காற்றில் எழும்பிக் கால்களைப் பின்னும் அந்த வித்தை, தரையைத் தொடும் பாவாடைக்குள் நடந்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே, பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். சில அங்குலம்தான். அதற்கே பாரிஸ் அதிர்ந்தது.

அதே காலத்தில் வாழ்ந்த இன்னொரு மரீ, மரீ சாலே. 1734-ல் லண்டனில் 'பிக்மேலியன்' என்ற நடனத்தில் அவர் பாவாடைக் கூண்டையே தூக்கிப்போட்டுவிட்டார். மெல்லிய மஸ்லின் துணி, அவிழ்ந்த கூந்தல், அவ்வளவுதான். சிலைக்கு உயிர் வரும் கதைக்குக் கூண்டு எதற்கு என்பது அவருடைய வாதம். ஒருவர் நீளத்தைக் குறைத்தார், மற்றவர் எடையைக் குறைத்தார். டூட்டூவுக்கு விதை போட்டது இந்த இரண்டு மரீகள்தான்.

1832: மேடையில் ஒரு தேவதை

அடுத்ததாக வருபவரும் மரீதான்! இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த மரீ தாக்லியோனி. 1832 மார்ச் 12-ம் தேதி, பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. காட்டில் வாழும் காற்றுத் தேவதையாக வந்தார் தாக்லியோனி. மணி வடிவில், முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் வெள்ளைப் பாவாடை. அடுக்கடுக்கான மெல்லிய துணி. முதுகில் குட்டிச் சிறகு. தரையில் கால் படுகிறதா, இல்லையா என்று சந்தேகம் வரும்படி விரல் நுனியில் நடந்தார். இன்றைக்கு 'ரொமான்டிக் டூட்டூ' என்று அழைக்கப்படும் வடிவம் இதுதான். 1841-ல் வந்த 'ஜிஸெல்' அதையே பாலேவின் அடையாளமாக மாற்றியது.

இந்த மேஜிக்குக்குப் பின்னால் இரண்டு டெக்னாலஜிகள் இருந்தன. ஒன்று, துணி. அதற்கு முன்புவரை வலைத்துணி என்பது கையால் பின்ன வேண்டிய, பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பொருள். இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலைத்துணி நெய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு மெல்லிய வலைத்துணி மலிவாகக் குவியத் தொடங்கியது. இன்னொன்று, வெளிச்சம். மெழுகுவத்திகளும் எண்ணெய் விளக்குகளும் இருந்த மேடைக்குக் கேஸ் விளக்கு வந்தது. அந்த நீலம் கலந்த ஒளியில் வெள்ளை வலைத்துணி, நிலா வெளிச்சத்தில் மிதக்கும் பனிமூட்டம் போலத் தெரிந்தது.

காற்று புகும் மெல்லிய துணி, பக்கத்திலேயே திறந்த நெருப்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எம்மா லிவ்ரி: 20 வயதில் அணைந்த விளக்கு

1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை, மேடை விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. மூன்றாவது நாள் அவர் இறந்துபோனார். 1861-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தியேட்டரின் ஒப்பனை அறையில் ஒரு நடனப் பெண்ணின் உடையில் பிடித்த தீ, அவரைக் காப்பாற்ற ஓடிவந்த சகோதரிகளையும் தோழிகளையும் பற்றிக்கொண்டது. குறைந்தது ஆறு பேர் பலி.

பாரிஸில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. துணியை ஒரு ரசாயனக் கரைசலில் நனைத்துக் காயவைத்தால் சட்டென்று தீப்பிடிக்காது. அப்படிப் பதப்படுத்திய உடையைத்தான் மேடையில் அணிய வேண்டும் என்று 1859-ல் அரசு உத்தரவே போட்டது. பிரச்னை என்னவென்றால், கரைசலில் நனைத்த துணி விறைத்துப்போகும். வெள்ளை நிறம் மங்கி அழுக்கு போலத் தெரியும். பனிமூட்டம் போல மிதக்க வேண்டிய பாவாடை, கஞ்சி போட்ட கோணிப்பை மாதிரி நின்றால் எந்த டான்ஸருக்குப் பிடிக்கும்?

அப்போது பாரிஸின் செல்லப் பிள்ளை எம்மா லிவ்ரி. 16 வயதில் 'லா சில்ஃபீட்' பாலேவில் அறிமுகமானவர். அவர் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோன தாக்லியோனியே அவருக்குக் குருவானார். 1860-ல் எம்மாவுக்காகவே 'லா பாபியோன்', அதாவது 'பட்டாம்பூச்சி' என்ற பாலேவை அமைத்துக் கொடுத்தார். தீப்பந்தத்தின் ஒளியில் மயங்கிப் பறந்துபோய்ச் சிறகைக் கருக்கிக்கொள்ளும் பட்டாம்பூச்சி வேடம் எம்மாவுக்கு.

அதே வருடம், பதப்படுத்திய உடையைத் தன்னால் அணிய முடியாது, வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று ஓபரா நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார் எம்மா. 1862 நவம்பர் 15. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாவாடை கசங்கிவிடாமல் இருக்க அதை உதறி விரித்தார். அந்தக் காற்றில் அருகிலிருந்த கேஸ் விளக்கின் சுடர் எகிறி, துணியில் தாவியது. பயந்துபோய் மேடையில் ஓடினார். ஓட ஓடத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரு தீயணைப்பு வீரர் போர்வையைப் போட்டு அணைப்பதற்குள் உடல் வெந்துவிட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலை 26-ல் இறந்துபோனார். வயது 20. கருகிப்போன அவருடைய உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகம் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறது.

'பிடிவாதம் பிடிச்சா இப்படித்தான்' என்று சொல்வது ஈஸி. ஆனால் யோசித்துப் பாருங்கள். காற்று மாதிரி இருந்தால்தான் கைத்தட்டல், கைத்தட்டல் இருந்தால்தான் அடுத்த வாய்ப்பு என்ற உலகில் வளர்ந்த பெண் அவர். அழகா, உயிரா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு ஒரு 18 வயதுப் பெண்ணைத் தள்ளியது யார்?

பதினான்கு வயதுச் சிறுமியின் நிஜ டூட்டூ

டூட்டூவுக்கு இன்னொரு இருட்டுப் பக்கமும் உண்டு. பாரிஸ் ஓபராவில் பயிற்சி எடுத்த சிறுமிகளில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு 'குட்டி எலிகள்' என்று பட்டப்பெயர். சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் போய்வர அனுமதி இருந்தது. ஓவியர் எட்கார் டெகாவின் பாலே ஓவியங்களைக் கூகுளில் தேடிப் பாருங்கள். திரை ஓரத்தில், கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஓர் ஆண் நின்றுகொண்டிருப்பார். அவர்தான் அந்தச் சந்தாதாரர்.

1881-ல் டெகா ஒரு மெழுகுச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். 'பதினான்கு வயதுக் குட்டி நடனக்காரி.' மாடலாக நின்றவர் மரீ வான் கூத்தெம். அவருடைய அம்மா துணி வெளுப்பவர். மெழுகு உடலுக்கு நிஜ வலைத்துணிப் பாவாடை கட்டிவிட்டிருந்தார் டெகா. தேவதையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, களைத்துப்போன ஒரு ஏழைச் சிறுமி தெரிந்தாள். விமர்சகர்கள் 'அசிங்கம்' என்று திட்டித் தீர்த்தார்கள். அந்தச் சிலை இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியின் பொக்கிஷம். மரீயோ, அடுத்த ஆண்டே ஓபராவிலிருந்து நீக்கப்பட்டார்.

தட்டு போல விரிந்தது எப்போது?

நம் மனதில் இருக்கும் தட்டையான டூட்டூவுக்குக் காரணம் இத்தாலிய டான்ஸர்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுடைய டெக்னிக் எங்கேயோ போய்விட்டது. ஒற்றைக் காலில் நின்று சாட்டை போலக் காலை வீசி வீசிச் சுற்றும் 'ஃபுவெட்டே'யை நிற்காமல் 32 முறை செய்துகாட்டினார் பியரீனா லெக்னானி. 1895-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஸ்வான் லேக்' பாலேவில் அவர் அதைச் செய்ததிலிருந்து, இன்றுவரை அந்த வேடம் போடுபவர்களுக்கு அதுதான் அக்னிப் பரீட்சை.

இப்படிச் சுற்றும்போது முட்டி தெரிய வேண்டும், தொடையின் திருப்பம் தெரிய வேண்டும். அவருக்கு முன்பே, 1885-ல் அதே ஊருக்கு வந்த வெர்ஜீனியா சூக்கி, அங்கிருந்த நீளப் பாவாடையைப் பார்த்து, 'இது என் பாட்டி போடுறது' என்று மறுத்துக் குட்டைப் பாவாடை கேட்டதாகச் சொல்வார்கள். பாவாடை முட்டிக்கு மேல் ஏறியது. பிறகு இடுப்பிலிருந்து நேராக விரிந்து நின்றது. அதுதான் 'கிளாசிக்கல் டூட்டூ.'

பெயர் எப்படி வந்தது? பிரெஞ்சில் குழந்தைகளின் பின்பக்கத்தைச் செல்லமாகக் குறிக்கும் ஒரு மழலைச் சொல்தான் 'டூட்டூ' ஆனது என்பது பரவலான விளக்கம். நாகரிகத்தின் உச்சமாகப் பார்க்கப்படும் உடைக்கு இப்படி ஒரு பெயர்!

தைப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. உடம்போடு ஒட்டிய மேல்பகுதி, இடுப்புப் பட்டை, உள்ளாடை ஆகியவற்றை அளவெடுத்து இணைக்க வேண்டும். உள்ளாடையின் மேல் பத்து, பன்னிரண்டு அடுக்கு வலைத்துணியைச் சுருக்கிச் சுருக்கித் தைக்க வேண்டும். கீழ் அடுக்கு சின்னது, மேலே போகப் போகப் பெரியது. அப்போதுதான் கீழ் அடுக்குகள் மேல் அடுக்கைத் தாங்கிப் பிடிக்கும். சிலவற்றில் உள்ளே மெல்லிய கம்பி வளையமும் உண்டு. 1950-ல் நியூயார்க்கில் பார்பரா கரின்ஸ்கா அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, மென்மையான 'பவுடர் பஃப்' டூட்டூவை உருவாக்கினார். காரணம் சிம்பிள். மேடையில் நிறைய பேர் சேர்ந்து ஆடும்போது கம்பி வைத்த பாவாடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன!

சென்னைக்கும் ஒரு இழை உண்டு

'டையிங் ஸ்வான்' நடனத்தால் உலகம் முழுக்கப் பிரபலமான ரஷ்யப் பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா. 1920-களில் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய ஆட்டத்தில் மயங்கியவர்களில் ஒருவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்கவும் தொடங்கினார். 'உங்கள் நாட்டின் கலையைத் தேடுங்கள்' என்று பாவ்லோவா ஊக்கப்படுத்தினார். அந்தத் தேடல்தான் ருக்மிணி தேவியைப் பரதநாட்டியத்துக்கும், 1936-ல் கலாக்ஷேத்ராவுக்கும் கொண்டுவந்தது. மேடைக்கான பரத உடையையும் அவர் புதிதாக வடிவமைத்தார். மேடையில் உடை என்பது வெறும் அலங்காரம் அல்ல, நடனத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் அவரிடமும் இருந்தது.

மேடையிலிருந்து தெருவுக்கு!

ஃபேஷன் உலகம் டூட்டூவைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. போர்க்காலத்தில் துணிக்கும் ரேஷன். எல்லோரும் சிக்கனமான, விறைப்பான உடைகளில் இருந்தார்கள். 1947-ல் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் கலெக்ஷனைக் காட்டினார். ஒட்டிய மேல்பகுதி, சிறுத்த இடுப்பு, கஜக்கணக்கில் விரியும் பாவாடை. 'நியூ லுக்' என்று உலகம் கொண்டாடிய அந்த உடலமைப்பு, அப்படியே பாலேரினாவின் சாயல். 1950-களில் வலைத்துணி கவுன் இல்லாமல் பார்ட்டியே இல்லை என்றானது.

அதன் பிறகு டூட்டூ யார் யார் கையிலோ போய், புதுப்புது அர்த்தம் எடுத்தது. நியூயார்க்கில் 1974-ல் தொடங்கிய 'ட்ரொக்காடெரோ' குழுவில் ஆண்களே டூட்டூ கட்டி, விரல் நுனியில் ஆடினார்கள். காமெடிதான், ஆனால் டெக்னிக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. 1998-ல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடரின் டைட்டிலில் சாரா ஜெசிகா பார்க்கர் ஒரு பனியனும் வெள்ளை டூட்டூ ஸ்கர்ட்டுமாக நியூயார்க் தெருவில் நடந்துவருவார். காஸ்ட்யூம் டிசைனர் பாட்ரீஷியா ஃபீல்ட், அதை 5 டாலர் கூடையிலிருந்து எடுத்தார். 2024-ல் நடந்த ஏலத்தில் அதே ஸ்கர்ட் போன விலை 52,000 டாலர்!

2001 ஆஸ்கர் விழாவுக்குப் பாடகி பியோர்க் கழுத்தைச் சுற்றிய அன்னப்பறவை உடையில் வந்தார். அன்றைக்குக் கிண்டல், இன்றைக்கு கிளாசிக். 2010-ல் 'பிளாக் ஸ்வான்' படம் கறுப்பு டூட்டூவை ஹிட் ஆக்கியது. 2018-ல் 'கில்லிங் ஈவ்' தொடரில் கொலைகாரி வில்லனெல் போட்டுவந்த, மோலி காடர்ட் டிசைன் செய்த பிங்க் வலைத்துணி கவுன் இணையத்தைக் கலக்கியது.

இதில் என் ஃபேவரைட், செரீனா வில்லியம்ஸ். 2018 பிரெஞ்ச் ஓபனில் உடலோடு ஒட்டிய கறுப்பு கேட்சூட் அணிந்து ஆடினார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் உறையும் பிரச்னை இருந்ததால் அது உதவியாக இருக்கிறது என்றார். ஆனால், இனி அப்படிப்பட்ட உடைக்கு அனுமதி இல்லை என்று பிரெஞ்ச் டென்னிஸ் அமைப்பின் தலைவர் சொல்லிவிட்டார். சில நாள்களில் யு.எஸ். ஓபன். வெர்ஜில் அப்லோ டிசைன் செய்த கறுப்பு டூட்டூவில் களமிறங்கினார் செரீனா! 'பெண்மையாக' உடுத்தச் சொல்லும் உலகத்துக்கு, பெண்மையின் உச்சமான உடையை அணிந்து, மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் சர்வ் போட்டுக் காட்டுவது எப்படிப்பட்ட பதில்!

கமார்கோ பாவாடையைக் குறைத்தது தன் திறமை தெரிய வேண்டும் என்பதற்காக. செரீனா செய்ததும் அதேதான். டூட்டூ அழகாக இருப்பது அது லேசாகத் தெரிவதால் மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் கால்கள் அவ்வளவு வலுவானவை என்பதாலும்தான்.

நீங்களும் போடலாம்... ஆனால்!

நம் ஊர் டெய்லரிடம் 'கேன்கேன் வைங்க அண்ணா' என்று சொன்னால், லெஹங்காவுக்கு அடியில் விறைப்பான வலைத்துணி அடுக்குகளை வைத்துத் தருவார். அதுவும் டூட்டூவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான். கேன்கேன் என்பது பாரிஸில் பாவாடை அடுக்குகளை வீசி ஆடிய ஒரு நடனத்தின் பெயர்.

நெட் ஸ்கர்ட் வாங்கும்போது கையில் கசக்கிப் பாருங்கள். குத்தினால் விறைப்பான நெட், உள்ளே காட்டன் லைனிங் அவசியம். டெனிம் ஜாக்கெட், சாதாரண டி-ஷர்ட், ஸ்னீக்கர்ஸ் என்று எதிர்த்துருவமான விஷயங்களோடு போட்டால் செமையாக இருக்கும். பாலே குழுக்கள் டூட்டூவைத் தலைகீழாகத்தான் வைப்பார்கள். அடுக்குகள் தொங்கிப்போகாமல் விறைப்பாக இருக்கும். நீங்களும் ட்ரை பண்ணலாம்.

இன்னொன்று, எம்மாவின் கதை பழங்கதை இல்லை. இன்றைய நெட் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பர்த்டே கேக் மெழுகுவத்தி, குத்துவிளக்கு, தீபாவளிப் பட்டாசு, அடுப்பங்கரை... இந்த இடங்களில் நெட் ஃபிராக் போட்ட குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். பட்டாசு வெடிக்கப் போகும் முன் காட்டன் உடைக்கு மாறிவிடுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். தீ அணைந்ததும் 20 நிமிடமாவது காயத்தின் மேல் குழாய்த் தண்ணீர் ஓட விடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த ஒரு விஷயத்தை உங்கள் வீட்டுக் குட்டி 'பாலேரினா'வுக்கும் சொல்லிக் கொடுங்கள். அப்புறம் அவள் இஷ்டத்துக்குச் சுற்றட்டும்!